ஒரு முறம் தவிடு

பாட்டியின் அம்மாவுக்கோ அக்கா தங்கைகளுக்கோ மார்பில் கட்டி வந்திருக்கிறதா என்று தாதி மலாயில் கேட்டாள். பாட்டிக்கு மலாய் நன்றாகத் தெரியும். கூலிம் பசாரில் மீனின் செவுளைத் தூக்கிக் காட்டிக் கடைக்காரரோடு சண்டை போடுகிற அளவுக்குத் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் தமிழைத் தவிர எல்லாம் அவளுக்கு மறந்துவிடும். நான் கேள்வியைத் தமிழில் திருப்பிச் சொன்னேன்.

“என்னய தவிட்டுக்கு வாங்குனாங்கன்னு சொல்லு அந்த மிஸ்ஸிகிட்ட. பெத்தவ யாருன்னே தெரியாது. அவளுக்கு என்ன இருந்துச்சுன்னு நான் எங்க போயி பாக்க?”

தாதி பேனாவை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். தவிட்டுக்கு வாங்கினார்கள் என்பதை மலாயில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. “அனாக் அங்காட்,” என்றேன். வளர்ப்புப் பிள்ளை. அவள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

என்னையும் தவிட்டுக்கு வாங்கியதாகத்தான் அம்மா சொல்வாள். சின்ன வயதில் அடம் பிடித்தபோதெல்லாம், உன்னைக் கடையில் தவிடு கொடுத்து வாங்கினோம், திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்பாள். நான் அழுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் விசாரித்தபோது பாதிப் பிள்ளைகளைத் தவிட்டுக்குத்தான் வாங்கியிருந்தார்கள். ஆகவே பாட்டி சொல்வதும் அதே விளையாட்டு என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் கார் சிக்னலில் நின்றபோது, பாட்டி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“தினா. எல்லாப் புள்ளைங்களயும் வெளையாட்டுக்கு அப்பிடிச் சொல்லுவாங்க. என்னய நெசமாவே வாங்குனாங்க. சப்பான்காரன் காலத்துல. ஒரு மொறம் தவிடு. என்னய வளத்த ராக்காயி அம்மா சாவுற வரைக்கும் அதத்தான் சொல்லித் திட்டுனா.”

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“அறுக்குறதுக்கு முன்ன தெரிஞ்சா நல்லாருக்கும்.”

“என்னா தெரியணும் பாட்டி?”

“என்னய பெத்தவ எதுக்கு வித்தான்னு. நீ படிச்ச புள்ளதான. வெசாரி.”

அறுவைச் சிகிச்சைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருந்தார்கள். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. விளக்கு எப்போது பச்சையானது என்று நான் கவனிக்கவில்லை.

நான் படித்தது உயிர்வேதியியல். வேலை செய்வது கூலிம் தொழில்பேட்டையில், கணினிச் சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்க்கும் பிரிவில். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை. கண் மட்டும்தான் வெளியே தெரியும். அந்த உடை எனக்குப் பிடிக்கும். ஒரு ஷிஃப்ட் முழுவதும் யாரிடமும் பேசாமல் இருந்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்கு வருவேன். பாட்டி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பாள். அவளும் அதிகம் பேசுகிறவள் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கிறோம். அவளிடம் நான் எதையும் கேட்டதில்லை.

கேட்காமலே சில விஷயங்கள் தெரியும். அரிசி டின் பாதிக்குக் கீழே இறங்கினால் பாட்டிக்கு இருப்புக் கொள்ளாது. கைக்குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் விளையாட்டாக, “இந்தப் பிள்ளைய எங்களுக்கே குடுத்துடுங்க,” என்று சொன்னால் எழுந்து போய்விடுவாள். நான் பிறந்திருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி அப்படிச் சொன்னதற்கு, அவள் முகத்துக்கு நேராகவே கதவைச் சாத்திவிட்டாளாம். அம்மா அதை இப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

நான் விசாரிக்கப் போகிறேன் என்றதும் அம்மா சிரிக்கவில்லை. “அந்தக் காலத்துல பசிக்கு என்னென்னமோ நடந்துச்சு. கெழவிக்கு ஆபரேஷன்னு பயம், அதான் பழச கெளறுது. வித்தான்னே தெரிஞ்சா என்னா செய்வ? வந்து சொல்லுவியா?”

அதை நான் யோசித்திருக்கவில்லை.

காகிதங்கள் சீக்கிரமே முடிந்துபோயின. பாட்டியின் அடையாள அட்டையில் பெயர் பிச்சையம்மா. பிறந்த வருடம் தப்பு; ஜப்பான்காரர்களின் சண்டை முடிந்த பிறகு ராக்காயி போய்ப் பதிந்தது. தாய் என்ற இடத்தில் ராக்காயி. எச்சில் எடுத்து அனுப்பினால் மரபணுவைப் பார்த்துச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. தூரத்துச் சொந்தம் என்று எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவரின் பெயர் வரலாம். எதற்கு விற்றாள் என்று அதில் வராது. மிச்சம் இருந்தது பாட்டிக்குத் தெரிந்த ஒரே ஒரு இடப்பெயர்தான். ராக்காயி கூலிம் பக்கம் வருவதற்கு முன்பு சிடாம் கிரி பக்கத்தில் மேட்டுத் தோட்டம் என்ற ரப்பர் தோட்டத்தில் இருந்தாள்.

ஓய்வு நாளில் போனேன். மேட்டுத் தோட்டத்தில் இப்போது பால்மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் எண்ணெய்ச் செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து அந்த இடத்திலும் செம்பனை நட்டிருந்தார்கள். வரிசைக்கு நடுவே ஒரு சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும், இடிக்க மனமில்லாமலோ மறந்துபோயோ, அப்படியே நின்றது. கொஞ்சம் தள்ளி மாரியம்மன் கோயில் புதுச் சாயத்தோடு இருந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பழனியாண்டி என்பவர் எந்திரம் வைத்துப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டியிருப்பார். என்ன கேட்பது என்று காரிலேயே நான்கைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். அவர் எந்திரத்தை நிறுத்தியதும் எல்லாம் மறந்துவிட்டது.

“அங்கிள், சப்பான்காரன் காலத்துல இங்க இருந்தவங்க யாராச்சும்…”

“அந்தக் காலத்து ஆளுங்க எல்லாம் அங்க இருக்காங்க,” என்று செம்பனைக்குப் பின்னால் இருந்த இடுகாட்டைத் தாடையால் காட்டினார். “கேட்டா பதில் சொல்ல மாட்டாங்க லா.” சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். “ஒரு ஆயா மிச்சம் இருக்கு. பரஞ்சோதி. குருண்ல மருமக வீட்ல. காது நல்லா கேக்கும், அதான் ஆபத்து. பாத்துப் பேசு.”

அடுத்த ஓய்வு நாளில் குருணுக்குப் போனேன். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே, ஒரே மாதிரி இருந்த வீட்டு வரிசைகளில் ஒன்று. முன்னறை முழுவதும் வாழையிலையும் தேங்காய்ப்பால் சோற்று வாசனையும். மருமகள் பிரேமாவதி நாசி லெமாக் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்பக்கம் கத்தினார்.

“அத்த, ஒங்களப் பாக்க ஆளு வந்துருக்கு. பொம்பளதான், பவுடர் எல்லாம் போட வேணாம்.”

“ஆம்பளயா இருந்தா நீ உள்ள வுட்டுருக்கவா போற,” என்று அறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

பரஞ்சோதி ஆயா கட்டிலில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. மற்றொரு கண்ணால் என்னை உற்றுப் பார்த்து, “யாரு வூட்டுப் புள்ள?” என்றார். எல்லாக் கிழவிகளும் கேட்கிற கேள்விதான். அன்று அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“ராக்காயின்னு ஒருத்தவங்க மேட்டுத் தோட்டத்துல இருந்தாங்களாம். அவங்க வளத்த பிள்ளையோட பேத்தி.”

“பிச்சையம்மா பேத்தியா?” ஆயாவின் கை கட்டிலின் விளிம்பைப் பிடித்தது. “அது உசுரோட இருக்கா?”

“இருக்காங்க.”

“பிரேமா! பிரேமா! பாப்பம்மா புள்ள உசுரோட இருக்காம்டி!”

“யாரு அத்த பாப்பம்மா?” என்று பிரேமாவதி வாழையிலையும் கையுமாக வந்து நின்றார்.

“நானும் அதத்தான் கேக்கணும் ஆயா,” என்றேன். “பாப்பம்மா யாரு?”

“இது என்னாடி கூத்து. பெத்தவ பேரு கூடவா தெரியாது?”

எழுபத்தெட்டு வயதுவரை பாட்டிக்குத் தெரியாத பெயர் அது. அவளுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது சரியில்லை என்று தோன்றியது. கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை. “அவங்க பிள்ளைய வித்தாங்களா ஆயா?” என்று மட்டும் கேட்டேன்.

“யாரு சொன்னா வித்தான்னு?”

ஆயா சொன்னது வரிசையாக இல்லை. நடுவில் தண்ணீர் குடித்தார், மருமகளைத் திட்டினார், தன் தாயைப் பற்றிச் சொல்லப் போய்ப் பாதை மாறினார். வரிசைப்படுத்தியது நான்.

சப்பான்காரன் வந்த பிறகு மேட்டுத் தோட்டத்தில் பால் வெட்டு நின்றுபோனது. மரங்களுக்கு இடையில் மரவள்ளி நட்டார்கள். அரிசி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு கிழங்குதான் மூன்று வேளையும் என்றானது. உடுத்தத் துணி இல்லாமல் சாக்கைப் பிரித்துக் கட்டிக்கொண்டார்கள். பிறகு லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமென்று தோட்டத்து ஆண்களை ஏற்றிப் போனார்கள். பாப்பம்மாவின் புருஷன் முனியாண்டி அதில் போனான். அப்போது அவள் வயிற்றில் மூன்றாவது பிள்ளை. முதல் பிள்ளை சண்டைக்கு முன்பே காய்ச்சலில் போயிருந்தது. இரண்டாவது, கிழங்கு தின்ன ஆரம்பித்த பிறகு பிறந்தது.

“நல்லா கொழுகொழுன்னுதான் இருந்துச்சு. தவழக்கூட இல்ல. திடீர்னு ஒரு நாளு சத்தம் போயிருச்சு. வாயத் தொறந்து அழுவும், சத்தமே வராது. பாத்துருக்கியா நீ, சத்தமில்லாம அழுவுற புள்ளய? அதுக்கப்பறம் ஒரு நாளு தாங்கல.”

மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. பிள்ளை நிலைக்காத வீட்டில் என்ன செய்வார்கள் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தீட்டுக் கழிந்ததும் பிள்ளையை அடுத்த வீட்டு வாசற்படிக்கு வெளியே நின்று கொடுக்க வேண்டும். அந்த வீட்டுக்காரி முறத்தில் தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். பிச்சை என்று பெயர் வைப்பாள். பெற்றவள் அந்தத் தவிட்டைத் தொடாமல் வைத்திருந்து, வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்து, ஊரார் பிள்ளையை வளர்க்கக் கொண்டு போவதுபோலத் தன் பிள்ளையைக் கொண்டு போவாள்.

“சாவு வந்து பாப்பம்மா புள்ள எங்கன்னு கேக்கும். அவளுக்கு ஏது புள்ள, இது ராக்காயி புள்ளன்னு சொல்லிப்புடலாம்ல. சாவு ஏமாந்து போயிரும். எல்லாருக்கும் செய்யிறதுதான். எனக்கு நேரா மூத்தவனுக்கும் செஞ்சாங்க.”

ராக்காயிக்குப் பிள்ளை இல்லை. அவள் புருஷன் மாட்டு வண்டி ஓட்டினான், கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, அரிசி ஆலைக்கு. மாட்டுக்கென்று தவிடு வரும். தோட்டத்தில் தவிடு இருந்த ஒரே வீடு அது. அதனால்தான் அந்த வீட்டு வாசலில் கொடுத்தார்கள். பாப்பம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போனாள். பிள்ளைப்பேற்று வயிறு, கிழங்குகூட அன்றைக்கு இருந்ததோ இல்லையோ.

“வெள்ளிக்கெழமைக்கு முன்ன தின்னுட்டா,” என்றார் ஆயா.

“என்னத்த?”

“தவிட்டத்தான். வறுத்துத் தின்னுட்டா. வாசன எங்க வூடு வரைக்கும் வந்துச்சு. எங்க அம்மா அடுப்புகிட்ட இருந்து எந்திரிச்சு நின்னுட்டா. ஐயோ பாவி, தின்னுட்டாடின்னா. எனக்கு வெளங்கல. எனக்கு அந்த வாசனைக்கு வாயி ஊறுச்சு, அவ்வளவுதான்.”

பிரேமாவதி பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கதவோரமாக உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பாப்பம்மா வெறும் முறத்தோடு போய் நின்றாள். தவிடு எங்கே என்று ராக்காயி கேட்டாள். தவிடு கொடுக்காமல் எடுத்துப் போனால் பிள்ளை நிலைக்காது என்றாள். கடனாகக் கேட்கவும் வழியில்லை. தவிடு இருந்ததே அந்த வீட்டில்தான், அவள் தவிட்டையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்தால் அது விலையாகாது. மற்ற வீடுகளில் தவிடு கிடைத்தால் அதையும் வறுத்துத் தின்றுகொண்டிருந்த காலம். பாப்பம்மா கம்பத்துக்கு நடந்துபோய்க் கேட்டாள். ஆலைக்கு வெளியே கொட்டிய உமியைக் கூட்டிப் பார்த்தாள். அதில் தவிடு இல்லை.

“ராக்காயி அம்மா வேணும்னே குடுக்கலியா ஆயா?”

“அவளுக்குச் சாமி பயமா, புள்ள ஆசையான்னு கேக்குற. எனக்குத் தெரியாது. ரெண்டும் இருந்துருக்கும். ஒரு மனுசிக்கு ரெண்டும் இருக்கக் கூடாதா?”

ராக்காயியிடம் பிள்ளை இருந்தது, பால் இல்லை. அதனால் பாப்பம்மா காலையும் மாலையும் வந்தாள். வீட்டுக்குள் வரக் கூடாது. வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கொஞ்சக் கூடாது, சாவுக்குக் காது உண்டு. ராக்காயி தினமும் தவிட்டுக் கஞ்சி ஒரு மங்கு கொடுத்து, பாப்பம்மா குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பாள். “ஒனக்கு இல்ல, பாலு ஊறணும்னு குடுக்குறேன்,” என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். கஞ்சியாகக் காய்ச்சிய தவிட்டை யாரும் விலையாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. பாப்பம்மா குடித்துவிட்டு மங்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள்.

“புள்ள பொழச்சிருச்சு. சத்தம் போகல. அது அழுதா லயம் முழுக்க கேக்கும். எல்லாரும் சொன்னாங்க, சாவு ஏமாந்துருச்சுன்னு.”

பிள்ளை தவழ ஆரம்பித்து, மசித்த கிழங்கைத் தின்னத் தொடங்கியபோது மறுபடியும் லாரி வந்தது. இந்த முறை பெண்களையும் கேட்டார்கள். சயாமுக்கு வந்தால் அரிசி உண்டு என்றார்கள். பாப்பம்மா தானாகவே போய் ஏறினாள். முனியாண்டியைப் பார்த்துவிடலாம் என்றும் நினைத்திருப்பாள். லாரியில் ஏறும் முன்பு ராக்காயியின் வாசலுக்கு வந்து பால் கொடுத்தாள். “அரிசி மூட்டையோட வாரேன். தவிடு என்னா தவிடு, அரிசியே அளந்து குடுத்துட்டு எடுத்துக்கறேன்,” என்று சொன்னாள். அதைப் பரஞ்சோதி ஆயா தன் காதாலேயே கேட்டிருக்கிறார். அவளும் திரும்பவில்லை, முனியாண்டியும் திரும்பவில்லை.

“சண்ட முடிஞ்சு சயாமுலேருந்து ஆளுங்க ஒன்னு ரெண்டா வர ஆரம்பிச்சாங்க. எலும்பும் தோலுமா. ஒவ்வொரு ஆளு வர்றப்பவும் ராக்காயி புள்ளயத் தூக்கிக்கிட்டு உள்ள போயிருவா. அப்பறம் ஒரு நாளு பாத்தா வூடு காலி. எங்க போனான்னு யாருக்கும் சொல்லல.”

“பாட்டிகிட்ட கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியே. தவிட்டுக்கு வாங்குன நாயின்னு திட்டத்தான் செஞ்சாங்களாம்.”

“பெத்தவ பேரச் சொன்னா முடிச்சு அவுந்துரும்ல. புள்ள யாருதுன்னு சாவுக்குத் தெரிஞ்சிரும். வாங்குனது வாங்குனதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும்.” ஆயா கொஞ்சம் யோசித்தார். “இல்லன்னா, அவ வாயே அப்பிடித்தான்.”

கிளம்பும்போது பிரேமாவதி என் கையில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் திணித்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஆயா அறையிலிருந்து, “அதுகிட்ட சொல்லு. பரஞ்சோதி இன்னும் இருக்கா, வந்து பாக்கச் சொல்லு,” என்றார். எங்கள் இரண்டு பேருக்குமே அது நடக்குமா என்று தெரியவில்லை.

நெடுஞ்சாலையில் கூலிமை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. சத்தமில்லாமல் அழும் குழந்தையைப் பற்றிப் படித்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டில், ஊட்டச்சத்து பாடத்தில், அரைப் பக்கம். தாயின் உடம்பில் தயாமின் என்ற பி1 வைட்டமின் இல்லாவிட்டால் பாலிலும் இருக்காது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இரண்டு மூன்று மாதத்தில் குரல் போகும், பிறகு இதயம் நிற்கும். மரவள்ளியில் தயாமின் மிகக் குறைவு. தீட்டிய அரிசியிலும் குறைவு. தவிட்டில் நிறைய உண்டு. தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பாப்பம்மா தவிட்டைத் தின்றதால்தான் மூன்றாவது பிள்ளை பிழைத்திருக்கலாம். ராக்காயி நின்று பார்த்துக் குடிக்க வைத்த கஞ்சியால் பிழைத்திருக்கலாம். நிரூபிக்க முடியாது. ஒரே ஒரு பிள்ளையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பக்கத்து இருக்கையில் யாராவது இருந்தால் இதைச் சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன். இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

கூலிம் பசாருக்குப் பின்னால் கோழித் தீனிக் கடை ஒன்று உண்டு. அங்கே நிறுத்தினேன். இதற்கு முன் அந்தக் கடைக்குள் போனதில்லை. கடை முதலாளியான சீனத் தௌக்கே தவிட்டை ஒரு பையில் அள்ளியபடி, எத்தனை கோழி என்று மலாயில் கேட்டார். கோழி இல்லை என்றேன். வாத்தா என்றார். பாட்டிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். வாத்துக்குக் கொஞ்சம் மக்காச்சோளமும் சேர்த்துப் போட்டால் நல்லது என்று சொன்னார். சரி என்றேன்.

பாட்டி வாசலில் அதே நாற்காலியில் இருந்தாள். மழைச் சாரல் கால்மாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. நான் அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, ஆயா சொன்னதை வரிசையாகச் சொன்னேன். எதையும் விடவில்லை. தின்றதை விட்டுவிடலாமா என்று குருணிலிருந்து வரும் வழியெல்லாம் யோசித்திருந்தேன். சொல்லும்போது அது தானாகவே வந்துவிட்டது.

முடித்ததும் அவள் முதலில் கேட்டது, “பேரு என்னான்ன?”

“பாப்பம்மா.”

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பையனின் மோட்டார்சைக்கிள் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

“படிக்கு வெளியவா ஒக்காந்தா?” என்றாள்.

“ஆமா பாட்டி.”

“மழ பேஞ்சா?”

அதை நான் ஆயாவிடம் கேட்டிருக்கவில்லை. “தெரியல,” என்றேன்.

பையில் இருந்ததைக் காட்டினேன். அவள் எதற்கு என்று கேட்கவில்லை. உள்ளே போய், நெத்திலி ஆய்வதற்கு வைத்திருக்கும் மூங்கில் முறத்தை எடுத்து வந்து, முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்தாள். நான் தவிட்டைக் கொட்டினேன். அவள் கையால் பரப்பிச் சமப்படுத்தினாள். முன்னறைச் சுவரில் ராக்காயியின் படம் இருக்கிறது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. யாரையோ திட்டப் போகிற மாதிரி முகம். பாட்டி தினமும் அதற்குப் பொட்டு வைப்பாள். முறத்தை அதன் கீழே தரையில் வைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

“இந்தா,” என்றாள் படத்தைப் பார்த்து. “எடுத்துக்க. சரியாப் போச்சு.”

வேலையிலிருந்து வந்த அம்மா குடையை மடக்கிக்கொண்டே, “என்னாதிது, கோழித் தீனிய நடுவூட்டுல கொட்டி வச்சிருக்கீங்க?” என்றாள். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குடையைக் கதவில் மாட்டிவிட்டு அங்கேயே நின்றாள்.

பாட்டி முறத்தின் விளிம்பில் ஒரு விரலை வைத்திருந்தாள்.

“பச்சயாவா தின்னா?”

“வறுத்துன்னு சொன்னாங்க.”

“வறு,” என்றாள்.

நான் குனிந்து இரண்டு கையாலும் ஒரு அள்ளு அள்ளி அடுப்படிக்குப் போனேன். வாணலியில் எண்ணெய் விடவில்லை. தவிடு முதலில் சும்மா கிடந்தது. பிறகு நிறம் மாறத் தொடங்கியதும் வாசனை எழுந்தது; வறுத்த கடலைபோல, லேசாகத் தீய்ந்த சோறுபோல. அது முன்னறைக்குப் போவதை என்னால் உணர முடிந்தது. ஒரு சின்னத் தட்டில் கொட்டி எடுத்துவந்து பாட்டியின் மடியில் வைத்தேன்.

சூடாக இருந்தது. அவள் ஆறும்வரை காத்திருக்கவில்லை. மூன்று விரலால் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி, இருக்கிற பற்களால் நெடுநேரம் மென்றாள். விழுங்கினாள். மறுபடியும் கிள்ளினாள். படத்துக்குக் கீழே முறத்தில், நான் அள்ளிய இடம் பள்ளமாக இருந்தது.